6 எழுத்து ஊருக்கு 33 பைட்டா?

எங்கள் ஊர்ப் பெயரை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். பூ, த, ப், பா, ண், டி. 6 எழுத்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். ஆனால் ஒரு விண்ணப்பம் போட்டு அது அச்சாகி வந்தபோது, தாளில் நான் 'பூதப்பாண்ட' ஊர்க்காரன் ஆகியிருந்தேன். கடைசி எழுத்தின் இகரக் குறியைக் காணோம். கம்ப்யூட்டர் கடைப் பையனிடம் கேட்டால், "பேரு நீளம் அண்ணாச்சி, கட்டத்துல கொள்ளல. இங்கிலீஷ்ல போட்டிருவோம், சரியாயிரும்" என்கிறான். இங்கிலீஷில் அது 11 எழுத்து. 11 கொள்ளுகிற கட்டத்தில் 6 கொள்ளாதாம்! வயிறு எரியுமா எரியாதா?

பையனைச் சொல்லிக் குற்றமில்லை. 1988-இல் இந்திய மொழிகளுக்கென்று 'இஸ்கி' என ஒரு குறியீட்டுத் தரம் வகுத்தார்கள். 1991-இல் வந்த யூனிகோடு அதையே ஒட்டித் தமிழை அடுக்கியது. அதில் 'பூ' என்று ஓர் எழுத்து கிடையாது. 'ப' ஒன்று, ஊகாரக் குறி ஒன்று. இப்படிப் பிரித்தால் பூதப்பாண்டி 11 குறி. அதோடு போகவில்லை. 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் சேர்ந்து உண்டாக்கிய யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட். கிரேக்கம், ரஷ்யம், அரபிக்கு 2. நமக்கு 3. ஆக எங்கள் ஊர் 33 பைட். எவனோ 30 பைட் போதும் என்று கட்டம் கட்டியிருக்கிறான். 10 குறியோடு வாசல் அடைத்துவிட்டது, 'டி' வெறும் 'ட' ஆகி நிற்கிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1907-இல் இதே ஊரில் பிறந்த பொதுவுடைமைத் தலைவர் ஜீவாவுக்கு வீட்டார் வைத்த பெயர் சொரிமுத்து. தனித்தமிழ்ப் பற்று மிகுந்த நாளில் உயிரின்பன் என்று மாற்றிக்கொண்டார். பிறகு ஊரும் நாடும் அறிந்தது ஜீவானந்தம். மூன்றையும் எண்ணிப் பார்த்தேன்: மூன்றுமே 10 குறி, 30 பைட். அந்தக் கட்டத்தில் கச்சிதமாக உட்காரும். பிறந்த ஊர்தான் உட்காராது. முன்னால் ஒரு 'ப.' போட்டால் அவர் பெயரும் வாலறுந்துதான் வரும்.

புள்ளி விஷயத்தில்தான் எனக்குக் கோபம் அதிகம். தொல்காப்பியர் சொல்லை நீளம் பார்த்தே வகை பிரித்தவர்: ஓரெழுத்து மொழி, ஈரெழுத்து மொழி, அதற்கு மேல் போவது தொடர்மொழி. அவர் கணக்கில் 'ப்' ஓர் எழுத்து, 'ப'வும் ஓர் எழுத்து. இலக்கணப்படி 'ப்' என்ற மெய்மேல் அகரம் ஏறினால்தான் 'ப'. யந்திரத்துக்கோ தலைகீழ். அகரம் ஏறிய எழுத்துக்கு ஒன்று. அகரத்தை இறக்கிவிட்ட வெறும் மெய்க்கு இரண்டு! நெல் நாஞ்சில் நாட்டு நெல், மரக்கால் எங்கிருந்தோ வந்தது. அளந்துவிட்டு 'உன் பொலி ரொம்பப் பெரிசு' என்று நம்மிடமே குறை சொல்லுகிறார்கள்.

குறுஞ்செய்தியைப் பாருங்கள். ஜெர்மனியில் ஹில்லெப்ராண்ட் என்பவர் 1985-இல் வாக்கியங்களைத் தட்டச்சில் அடித்து எண்ணிப் பார்த்து, 160 எழுத்து தாராளம் என்று முடிவுகட்டினார். அவர் அடித்தது அவர் எழுத்தில். தமிழ் ஏறினால் அந்த 160, 70 ஆகச் சுருங்கும். "சித்தப்பா காலமாகிவிட்டார்கள். பூதப்பாண்டி வீட்டில் நாளைக் காலை பத்து மணிக்கு அடக்கம்." இழவுச் செய்திக்கு இதைவிடச் சுருக்கமாக என்ன எழுத? இடைவெளி, புள்ளி எல்லாம் சேர்த்து நம் கணக்கில் 52. எழுபதுக்குள்தான். யந்திரக் கணக்கில் 85, ஆகவே இரண்டு செய்தி. பட்டன் போன் வைத்திருக்கும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினால் ஒரு நாளைக்கு இத்தனை செய்தி என்கிற கணக்கு பாதியிலேயே தீர்ந்துவிடும். 'தங்கிலீஷில் அடியுங்க' என்று பிள்ளைகள் யோசனை சொல்கிறார்கள். எண்பது வயது ஆச்சி அதை எழுத்துக்கூட்டி வாசித்து, யார் செத்தது என்று விளங்குவதற்குள் பதினாறாம் நாள் அடியந்திரமே வந்துவிடும்.

வழி இல்லாமலும் இல்லை. 2010-இல் தமிழக அரசு யூனிகோடோடு 'டேஸ் 16' என்ற முறையையும் தரமாக ஏற்றது. அதில் 'பூ' ஒரே குறி. ஆனால் அது யூனிகோடின் தனியார் உபயோகப் பகுதியில் குடியிருப்பதால் சாதாரணக் கைபேசிக்குள் வந்து சேரவில்லை. அது போகட்டும். யூனிகோடுக்காரர்களே கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவதை ஒன்றாக எண்ணுவதற்கும் விதி எழுதி வைத்திருக்கிறார்கள். ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழியில் எண்ணச் சொன்னால் பூதப்பாண்டிக்கு 6 என்றே விடை வரும். விதி இருக்கிறது, படம் சேர்க்க எத்தனையோ கோடி பைட் இருக்கிறது. ஊர்ப் பெயருக்கு மட்டும் கஞ்சத்தனம்.

நம் பக்கமும் சும்மா சொல்லக்கூடாது. 'கேட்டுக்கொள்கிறோம்' என்று நிறுத்தாமல் 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்று 15 எழுத்துக்கு இழுப்பது அரசாங்கத் தமிழுக்கு ஒரு பெருமை. நோட்டீஸின் ஒல்லிப் பத்தியில் அது அடுத்த வரிக்குத் தாவினால், முந்தைய வரி ஓட்டைப் பல்லாக நிற்கும்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. அதற்கு எழுத்தும் கிடையாது, சொல்லும் கிடையாது. எல்லாம் டோக்கன் என்ற துண்டுகள். பெரும்பாலும் ஆங்கிலத்தில் பழகியதால் ஆங்கிலச் சொல்லை முழுசாக விழுங்கும், தமிழ்ச் சொல்லைக் கொத்திக் கொத்தித் தின்னும். துண்டு எண்ணிக் காசு வாங்கும் சேவைகள் உண்டு. அங்கே ஒரே கேள்வியைத் தமிழில் கேட்கிறவன் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். 'ஏன் இப்படி?' என்று அதனிடமே தமிழில் கேட்கலாம்தான். அதற்கும் துண்டு எண்ணுவார்களே.