பாலாற்றைக் கெடுத்தது யார்?

வளரும் நாடுகளில் ஆறு கெட்டால் உடனே சொல்லப்படும் காரணம், "ஜனத்தொகை பெருகிவிட்டது!" பிள்ளை பெற்ற ஏழை குற்றவாளி, லாபம் பார்த்தவன் நிரபராதி. இந்தக் கணக்கு சரிதானா? பாலாற்றங்கரைக்குப் போய்ப் பார்ப்போம்.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகியவை தோல் தொழிலால் வாழும் ஊர்கள். ஆவாரம் பட்டையில் தோல் பதனிட்டது போய், 1970களில் ஏற்றுமதிக் கொள்கை மாறியதும் குரோமியம் பரவியது. அன்னியச் செலாவணி வந்தது. ஆயிரமாயிரம் குடும்பங்களில் அடுப்பெரிந்தது. இதை மறுப்பவர் நன்றி கெட்டவர்.

ஆனால் கழிவு நீர் எங்கே போனது? 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு பதில் சொல்கிறது. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. தோல் ஆலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழாகிவிட்டது என்கிறது அது. கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. ஈட்டுத் தொகை முழுமையாகச் சேரவில்லை என்று 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது! 2015இல் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டி உடைந்து, உறங்கிக் கொண்டிருந்த 10 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்த ஏழைகள்.

மக்கள் பெருகினால் சுமையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. நகரச் சாக்கடையும் இதே ஆற்றில்தான் கலக்கிறது. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைகள்தான். பிறப்பு குறைந்தது, பாலாறு பிழைத்ததா?

உண்மை இதுதான்: சுத்திகரிப்புச் செலவை விலையில் சேர்க்காமல் விவசாயியின் கிணற்றில் கொட்டினோம். மலிவாக வாங்கியவன் ஐரோப்பாவில் இருக்கிறான். உப்புத் தண்ணீர் குடிப்பவன் நம் பக்கத்து ஊரில் இருக்கிறான்.

வியாபாரப் பெருமக்களே! அண்டை வீட்டானின் கிணற்றைக் கெடுத்துவிட்டு அவனுக்கே தர்மம் கொடுப்பது தர்மமாகுமா? ஒளூவுக்குக் கூட தண்ணீரை விரயம் செய்யாதே என்று கற்ற சமுதாயமல்லவா நாம்? சுத்திகரிப்புச் செலவைக் கூலியைப் போல், வாடகையைப் போல் முதல் செலவாக எழுதுங்கள். வெளிநாட்டு வியாபாரியிடம் அதற்கும் சேர்த்து விலை பேசுங்கள்.

இளைஞர்களே! உங்கள் ஊர்க் கிணற்று நீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள். முடிவைக் கிராம சபையில் வைத்துக் கேள்வி கேளுங்கள். தொழிலும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். ஆலை வைத்திருப்பவர் நம்மவர் என்பதற்காக வாய்மூடி இருந்தால், நாளை நம் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வோம்?