அந்தி மணம்

பி.எஸ்ஸி. (வேதியியல்), இரண்டாம் ஆண்டு

திருமணம் என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவது எது? வாழைமரம் கட்டிய வாசல், ஒலிபெருக்கிப் பாட்டு, இருபது வயதுப் பெண், இருபத்தைந்து வயது மாப்பிள்ளை. அந்த மாப்பிள்ளை அறுபதைக் கடந்தவராக இருந்துவிட்டால்? பந்திக்கு இலை போடும் முன்பே சிரிப்புத் தொடங்கிவிடும். சட்டம் இப்படிச் சிரிப்பதில்லை. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 என்று கீழ் எல்லையை மட்டுமே வகுத்திருக்கிறது. மேல் எல்லை என்று அதில் ஒன்றும் கிடையாது. அதை வகுத்துக்கொண்டது நம் தெருதான்.

அப்படி மணம் புரியும் முதியவர் ஓர் எழுத்தாளராகவோ கலைஞராகவோ இருந்துவிட்டால் ஊர்ப்பேச்சு இரண்டாகப் பிரியும். "இந்த வயதில் இவருக்கு ஏன் இந்த ஆசை?" என்பார்கள் ஒரு சாரார். "பாவம், பெரிய படைப்பாளி. எழுத்திலேயே மூழ்கிக் கிடப்பவர். கவனித்துக்கொள்ள ஒருத்தி வேண்டாமா?" என்பார்கள் மற்றொரு சாரார். முன்னது கேலி, பின்னது பரிவு. ஆனால் இரண்டிலும் அந்த வீட்டுக்கு வந்து சேரும் பெண்மணியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதை நண்பர்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? அதைப் பற்றி எனக்குத் தோன்றியதைச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் கேலிக்கு விடை சொல்லிவிடுகிறேன். முதுமை வந்தால் மனம் வற்றிவிடும் என்று நினைப்பவர்கள் தொலைதூரம் போக வேண்டாம். லா.ச. ராமாமிர்தம் அவர்கள் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் வாழ்ந்தது நம் அம்பத்தூரில்தான். 1916-இல் பிறந்த அவருக்குச் 'சிந்தா நதி' நூலுக்காகச் சாகித்திய அக்காதெமி விருது 1989-இல் கிடைத்தது. அப்போது அவருக்கு எழுபத்து மூன்று வயது. 2007 அக்டோபர் 30 அன்று, தம் பிறந்த நாளிலேயே, தொண்ணூற்றோராம் வயது நிறைந்து மறைந்தார். அன்றாடம் அம்பத்தூர் நிலையத்தைக் கடந்து ரயிலில் கல்லூரிக்கு வரும் நம்மில் எத்தனை பேர் இதை அறிவோம்? எழுதும் ஆசை எழுபதிலும் உயிரோடு இருக்குமென்றால், துணை வேண்டும் என்ற ஆசை மட்டும் ஏன் செத்துப்போக வேண்டும்?

தமிழ்நாட்டில் முதியோர் திருமணம் ஓர் அரசியல் இயக்கத்தையே உலுக்கியிருக்கிறது. 1949 ஜூலையில் பெரியார் மணியம்மையாரை மணந்தபோது அவருக்கு வயது அறுபத்தொன்பது. தமக்குப் பின் இயக்கத்தையும் அதன் சொத்துகளையும் காக்கச் சட்டப்படி ஒரு வாரிசு வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். அதே ஆண்டு செப்டம்பர் 17-இல் தி.மு.க. பிறந்தது. பிரிவைப் பற்றிய அரசியல் வாதங்களுக்கு இக்கட்டுரை இடமன்று. நான் குறிக்க விரும்புவது வேறு. 1973-இல் பெரியார் மறைந்தபின் 1978-இல் தாம் மறையும் வரை அந்த இயக்கத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் மணியம்மையார். 1949-இல் மாப்பிள்ளையின் வயதைக் கணக்கிட்டவர்களில் எத்தனை பேர் அந்தப் பெண்ணின் ஆற்றலைக் கணக்கிட்டிருப்பார்கள்?

எழுத்துலகில் இதற்கு நெருக்கமான எடுத்துக்காட்டு நம் அண்டை மாநிலத்தில் இருக்கிறது. வைக்கம் முகம்மது பஷீர் 1908-இல் தலயோலப்பறம்பில் பிறந்தார். உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்றார். பல ஆண்டுகள் ஊர் ஊராக அலைந்தார். கிடைத்த வேலையெல்லாம் செய்தார். 'பால்யகால சகி' போன்ற நூல்களால் புகழ் பெற்ற பின்னரும் தனியாளாகவே இருந்தார். ஐம்பதை நெருங்கும் வயதில், 1950-களின் இறுதியில்தான், பாத்திமா பீவி என்ற ஃபாபியை மணந்தார். ஃபாபி அவரைவிட மிகவும் இளையவர். பின்னர் பேப்பூரில் குடியேறினார்கள். மங்குஸ்தான் மரத்தடியில் சாய்வு நாற்காலியில் பஷீர் அமர்ந்திருக்கும் காட்சியைக் கேரளத்தில் அறியாதார் இல்லை. மணமான பிறகும் அவர் மனநோயால் அவதியுற்றார், மீண்டார், எழுதினார். 1960-களில் வெளிவந்த 'மதில்கள்' இன்று தமிழிலும் படிக்கக் கிடைக்கிறது. சிறைமதிலுக்கு அப்பாலிருந்து குரலாக மட்டுமே கேட்கும் ஒரு பெண், கடைசிவரை முகம் காட்டாமலே நம் மனத்தில் தங்கிவிடும் கதை அது.

அக்கதையைப் படித்தபோது எனக்கு ஃபாபியின் நினைவே வந்தது. வருவோர் போவோருக்கெல்லாம் தேநீர் கொடுத்து, நோயுற்ற கணவரைப் பார்த்துக்கொண்டு, பிள்ளைகளை வளர்த்த அந்த அம்மையாரும் வாசகர்களுக்கு நெடுங்காலம் மதிலுக்கு அப்பால் இருந்தவர்தான். 1994-இல் பஷீர் மறைந்தார். பல ஆண்டுகள் கழித்து ஃபாபியின் நினைவுக் குறிப்புகள் நூலாக வந்தன. அதன் பெயர் 'பஷீரின்டெ எடியே'. 'எடியே' என்பது நம் 'அடியே'தான். வீட்டுக்குள் தம்மை அழைத்த அந்த ஒற்றைச் சொல்லையே தலைப்பாக்கி அவர் வாசகர் முன் வந்தார். மதிலைத் தாண்டி முகம் தெரிய அவருக்கு இத்தனை காலம் ஆயிற்று.

முகம் தெரியாமலே போனவர்களும் உண்டு. ஆங்கில நாவலாசிரியர் தாமஸ் ஹார்டியின் முதல் மனைவி எம்மா 1912 நவம்பரில் இறந்தார். 1914 பிப்ரவரியில் ஹார்டி புளோரன்ஸ் டக்டேல் என்பவரை மணந்தார். மணமகனுக்கு 73 வயது, மணமகளுக்கு 35. புளோரன்ஸ் பள்ளி ஆசிரியையாக இருந்தவர், குழந்தைகளுக்குக் கதை எழுதியவர். மணமான அதே ஆண்டு ஹார்டியின் கவிதைத் தொகுதி வெளிவந்தது. அதில் மிகச் சிறந்தவை என்று போற்றப்படுபவை இறந்துபோன எம்மாவை எண்ணி உருகிய கவிதைகள்! ஹார்டியின் எழுத்துகளைத் தட்டச்சு செய்து கொடுத்தவர் புளோரன்ஸ். 1928-இல் ஹார்டி இறந்தபின் அவருடைய வாழ்க்கை வரலாறு புளோரன்ஸின் பெயரில் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. ஆனால் அதில் பெரும்பகுதியை எழுதிவைத்தவர் ஹார்டியே என்பது பின்னர் தெரியவந்தது. தம் பெயர் அச்சிட்ட நூல்கூடத் தம்முடையதாக இல்லாத ஓர் எழுத்தாளரின் நிலையை என்னென்பது? ஹார்டியின் கவிதைகள் உயர்ந்தவை. அதற்காக இந்தக் கணக்கை நாம் பார்க்காமல் இருக்க முடியுமா?

சரி, முதுமையில் மணம் புரிபவர் ஒரு பெண் எழுத்தாளராக இருந்தால்? மேரி ஆன் எவன்ஸ் 'ஜார்ஜ் எலியட்' என்ற ஆண் பெயரில் நாவல்கள் எழுதியவர். தம் அன்புக்குரிய லூயிஸ் என்பவரோடு 1854 முதல் இருபத்து நான்கு ஆண்டுகள் வாழ்ந்தார். லூயிஸுக்குத் தம் முதல் மனைவியிடமிருந்து மணவிலக்குப் பெற வழியில்லாததால் அவர்கள் சட்டப்படி மணக்க இயலவில்லை. சொந்த அண்ணன் உறவையே முறித்துக்கொண்டார். லூயிஸ் இறந்தபின், 1880 மே மாதத்தில், தம்மைவிட ஏறத்தாழ இருபது வயது இளையவரான ஜான் கிராஸ் என்பவரை அவர் மணந்தார். மணமகளுக்கு அறுபது வயது. ஊர் முணுமுணுத்தது. அண்ணனோ இப்போது வாழ்த்துக் கடிதம் அனுப்பினார்! உண்மையான துணையாக இருந்த இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு வராத வாழ்த்து, சடங்கு நடந்ததும் வந்துவிட்டது. அந்த டிசம்பரிலேயே அவர் இறந்துபோனார். அறுபது வயது ஆண் மணந்தால் சிரிக்கும் நம் தெரு, அறுபது வயதுப் பெண் மணந்தால் சிரிப்போடு நிறுத்திக்கொள்ளுமா?

புத்தகத்தில் படித்தவற்றை மட்டும் வைத்து நான் இதை எழுதவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆனால் எழுத்து எங்கள் வீட்டுக்கு என்னோடு வந்ததன்று. என் பெரியப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். பூந்தமல்லிப் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதியம்மன் திருவிழாக்களில் நடக்கும் தெருக்கூத்துக்குப் பாட்டும் விருத்தமும் எழுதித் தரும் வாத்தியார். முதல் பெரியம்மா இறந்தபின் நான்கு ஆண்டுகள் நோட்டைத் தொடவில்லை. தம் அறுபத்திரண்டாம் வயதில், எஸ்டேட் பேருந்து நிறுத்தம் அருகே இட்லிக் கடை நடத்திவந்த, கணவரை இழந்த ஓர் அம்மையாரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். அவருடைய மகன்கள் வரவில்லை. "பேரன் எடுத்த வயசுல இவருக்கு மாலை கேக்குதா?" என்றார் என் தந்தை. இன்றுவரை அவருக்கு அவர் 'அந்தம்மா'தான். நான் பெரியம்மா என்றே அழைக்கிறேன்.

பெரியப்பா மீண்டும் எழுதத் தொடங்கினார். இரவு இரண்டு மணி வரை விளக்கு எரிகிறது. ஒத்திகைக்கு ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். இதைக் கண்டு கேலி செய்தவர்களே இப்போது, "நல்ல காரியம்தான் செய்தார்" என்கிறார்கள். ஆனால் ஆறே மாதத்தில் இட்லிக் கடை மூடப்பட்டதை யாரும் பேசவில்லை. இரவு இரண்டு மணிக்குத் தேநீர் வைத்துக் கொடுப்பவர், முதல் ஷிப்டு ஆட்கள் வருமுன் நான்கு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்ட முடியுமா? "கடை இருந்தப்போ நூறு பேரு அக்கான்னு கூப்புடுவாங்க. இப்ப வாத்தியார் வூட்டம்மா, அவ்ளோதான்" என்று பெரியம்மா ஒருநாள் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இன்னொன்றும் உண்டு. அபிமன்யு மாண்டபின் சுபத்திரை புலம்பும் பாட்டுக்கு மெட்டுக் கொடுத்தவர் பெரியம்மா. அவர் பாடிக்காட்டிய ஒப்பாரி மெட்டில்தான் பெரியப்பா சொல்லை அமைத்தார். சென்ற ஆண்டுத் திருவிழாவில் அந்த இடத்தில் அழாத பெண்கள் இல்லை. கூத்து நோட்டீஸில் பெரியப்பா பெயர் மட்டுமே இருந்தது. "பெரியம்மா பேரையும் போடலாமே" என்றேன். "ஒரே குடும்பத்துல என்னடா தனித்தனியாப் பேரு?" என்றார். பெரியப்பா கையில் கிடைக்கும் அச்சுத் தாளையெல்லாம் படிப்பவர். இந்த மலரையும் படிப்பார் என்று தெரிந்தேதான் இதை எழுதுகிறேன். அடுத்த திருவிழா நோட்டீஸில் இரண்டு பெயர்கள் இருக்க வேண்டும். கடையும் திறக்க வேண்டும். ஒத்திகையைப் பகலுக்கு மாற்றினால் சுபத்திரை ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

"கலை என்பது தவம். தவத்துக்கு யாராவது விலை கொடுத்துத்தான் ஆக வேண்டும்" என்று ஆசிரியப் பெருமக்களில் சிலர் சொல்லக்கூடும். விலை கொடுக்கட்டும், ஆனால் அந்த விலையை எப்போதும் ஒருவரே கொடுக்க வேண்டுமா? போர்ச்சுகீசிய எழுத்தாளர் ஜோஸே சரமாகோ 1988-இல், தம் அறுபத்தைந்தாம் வயதில், பிலார் தெல் ரியோ என்ற ஸ்பானியப் பத்திரிகையாளரை மணந்தார். பிலார் அவரைவிட இருபத்தெட்டு வயது இளையவர். பிலார் தம் தொழிலை விட்டுவிடவில்லை. கணவரின் நூல்களை ஸ்பானிய மொழியில் தம் பெயரிலேயே மொழிபெயர்த்தார். சரமாகோவின் புகழ்பெற்ற நாவல்களில் ஒன்றான 'பார்வையின்மை' அதற்குப் பின் 1995-இல் வந்தது. 1998-இல் நோபல் பரிசும் வந்தது. மனைவிக்கென்று ஒரு வேலை இருந்ததால் கணவரின் தவம் கெட்டுவிடவில்லை.

ஆகவே, முதியவர் ஒருவர் மணம் புரிந்தார் என்று கேள்விப்பட்டால் வயதைக் கூட்டிக் கழித்துப் பார்ப்பதை விட்டுவிடுவோம். அந்த வீட்டில் யாருடைய வேலை தொடர்கிறது, யாருடைய வேலை நின்றுபோயிற்று என்று கேட்போம். இக்கேள்வி இளைஞர்களாகிய நமக்கும் உரியது. நாளை நம்மில் பலர் மணம் புரிவோம். சிலர் எழுதவும் கூடும். பதிவு அலுவலகத்துப் பதிவேட்டில் மணமக்கள் இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் மட்டும் கையெழுத்திட்டால் அது திருமணமே ஆகாது. அந்த நியாயம் பதிவேட்டோடு நின்றுவிடாமல் வீட்டுக்கும் வந்தால், எந்த வயதில் மாலை மாற்றிக்கொண்டாலும் வாழ்த்த நான் தயார்.