முதல் மார்க் வாங்கியும் அதே வகுப்பு

போன வாரம் பாளை வ.உ.சி. மைதானத்தில் காலை நடை முடித்து உட்கார்ந்திருந்தேன். அர்ஜென்டினா சட்டை போட்ட பையன் ஒருவன் பந்தோடு வந்தான். வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? "இந்தியாவோட லீக்ல தமிழ்நாட்டு அணி ஜெயிச்சிருக்கு, தெரியுமாடே?" என்றேன். "சென்னையின் தான சார்" என்றான். அது ஐ.எஸ்.எல்.; 2015-லும் 2018-லும் ஜெயித்தார்கள். நான் கேட்டது சென்னை சிட்டி. பையன் முழித்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கதையை நாம்தான் யாருக்கும் சொல்லவில்லை.

நண்பர்களே, நம் நாட்டில் அப்போது இரண்டு கால்பந்து லீக்குகள் பக்கத்துப் பக்கத்தில் நடந்தன. 2007-ல் தொடங்கிய ஐ-லீக் ஒன்று. 2014-ல் சினிமா நட்சத்திரங்களோடும் பெரும் பணத்தோடும் வந்த ஐ.எஸ்.எல். மற்றொன்று. 2018-19 ஐ-லீக் சீசனில் 11 அணிகள், அணிக்கு 20 ஆட்டம். சென்னை சிட்டி பெயரில்தான் சென்னை. சொந்த மைதானம் கோவை நேரு ஸ்டேடியம். பயிற்சியாளர் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ். முன்னால் நின்று 21 கோல் அடித்தவர் உருகுவேயின் பெட்ரோ மான்சி. அணியில் நம்ம பக்கத்துப் பிள்ளைகளும் உண்டு. குமரி மாவட்டம் இரவிபுத்தன்துறையின் மைக்கேல் ரெஜின் ஒருவர். அவர் அண்ணன் தம்பி இருவருமே ஆட்டக்காரர்கள். சூசைராஜ் அதற்கு முந்தைய சீசனில் இதே அணியில் ஆடிவிட்டு ஜாம்ஷெட்பூருக்குப் போயிருந்தார்.

கடைசி நாள் 2019 மார்ச் 9. சென்னை சிட்டிக்கு 40 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 39. கோவையில் மினர்வா பஞ்சாப் மூன்றாவது நிமிடமே கோல் போட்டுவிட்டது. இடைவேளைக்குப் பிறகு மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அப்புறம் கௌரவ் போரா இரண்டு கோல். அவர் தடுப்பாட்டக்காரர் என்பதைக் கவனியுங்கள். 3-1. அங்கே கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்துவிட்டது. ஒரே ஒரு புள்ளியில் கோப்பை தமிழ்நாட்டுக்கு வந்தது.

அந்த ஆட்டத்தை நான் பார்த்ததே ஒரு பழைய மாணவனால்தான். வளைகுடாவில் ஃபிட்டராக இருக்கிறான். வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு, "சார், மேட்ச் பாக்கீயளா?" என்றான். பிசான அறுவடை முடிந்த வயல்களில் தாள் காலைக் கிழிக்கக் கிழிக்க வெறுங்காலோடு பந்து விளையாடியவன். எட்டாம் வகுப்பில் குறுவட்டப் போட்டிக்கு நான்தான் கூட்டிப் போனேன். முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்து பஸ் ஏறிவிட்டோம். பிறகு அவன் அப்பா வந்து, "சார்வாள், விளையாட்டு விடுதியில சேக்கச் சொல்லுதாவ, என்ன செய்யலாம்?" என்று கேட்டார். "அதுல என்ன இருக்கு, பத்து முடிச்சதும் பேட்டை ஐ.டி.ஐ.-யில் போடுங்க" என்றேன். போட்டார். அவனும் நன்றாகத்தான் இருக்கிறான், வீடு கட்டிவிட்டான். ஆனால் அந்த மார்ச் மாத ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

இதில் எனக்கு இரண்டு ஆதங்கம்.

ஒன்று, சென்னை சிட்டி அந்த சீசனில் மூன்று ஆட்டம் தோற்றது. ஆனாலும் சாம்பியன். லீக் என்றால் அதுதான். இன்று தோற்றவன் அடுத்த வாரம் திருத்திக்கொள்ளலாம். நம் பள்ளிப் போட்டிகளோ பெரும்பாலும் நாக்-அவுட். ஒரு காலாண்டுத் தேர்வில் ஃபெயிலான பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவோமா? பந்து விளையாடும் பிள்ளையை மட்டும் அனுப்புகிறோம். ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்பை, சேரன்மகாதேவி, பாளை என்று ஊர் மாற்றி ஆறு மாதம் பள்ளி அணிகளுக்கு ஒரு லீக் நடத்தினால் பெரிய செலவாகாது. ஒரு பந்து, ஒரு விசில், பஸ் காசு. என் பையன் அன்று 20 ஆட்டம் ஆடியிருந்தால் அவன் எப்படிப்பட்டவன் என்று எனக்கும் தெரிந்திருக்கும். ஒரே ஒரு ஆட்டத்தை வைத்துத் தீர்ப்பு சொன்னவன் நான்.

இரண்டாவதுதான் பெரிய கொடுமை. முதலிடம் வாங்கிய சென்னை சிட்டிக்கு மேல் வகுப்பில் இடம் கிடையாது. ஐ.எஸ்.எல். அணிகள் கட்டணம் கட்டி உள்ளே வந்தவை. கடைசி இடம் வந்தாலும் கீழே இறங்க வேண்டாம். கீழே உள்ளவன் ஜெயித்தாலும் மேலே ஏற முடியாது. சரி, தரம் குறைவு என்று சொல்லலாமா? அடுத்த மாதமே புவனேஸ்வரத்தில் சூப்பர் கோப்பை. அந்த வருஷத்து ஐ.எஸ்.எல். சாம்பியன் பெங்களூரு அணியை 2-1 என்று சென்னை சிட்டி அடித்து அனுப்பியது. இதற்கு மேல் என்ன மார்க் ஷீட் வேண்டும்? அதே 2019-ல் ஐ.எஸ்.எல்.-ஐயே நாட்டின் முதல் லீக் என்று அறிவித்தார்கள். ஐ-லீக் இரண்டாம் படிக்குப் போனது. ஆக, முதல் மார்க் வாங்கியவன் அதே பெஞ்சில் இருக்க, பெஞ்சையே ஒரு வகுப்பு கீழே இறக்கிவிட்டார்கள்.

சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியது. கொஞ்ச நாள் நம்பிக்கையாக இருந்தது. கொரோனாவும் வந்தது. 2021-22 சீசன் அட்டவணையில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. கிளப் நிர்வாகத்திலும் குறைகள் இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஏற வழியில்லாத ஏணிக்கு எந்த முதலாளி எத்தனை வருஷம் பணம் போடுவான்?

கதவு பிறகு திறந்தது. 2023-ல் ஐ-லீக் சாம்பியனாக மேலே ஏறிய முதல் அணி பஞ்சாப். அன்று கோவையில் தோற்ற அதே மினர்வா பஞ்சாப்தான், கை மாறி, பெயர் மாறி வந்தது. நான்கு வருஷம் தாக்குப்பிடித்தவர்களுக்குக் கிடைத்தது.

இப்போது சிலர் சொல்வீர்கள்: "சார், நீங்க அன்னைக்குச் சொன்னது சரிதான, பந்தை நம்பிப் போயிருந்தா அந்தப் பையன் என்ன ஆயிருப்பான்?" உண்மைதான். நான் சொன்னது சரியாகப் போய்விட்டது. அதில் எனக்குத் துளியும் சந்தோஷம் இல்லை. சரியாகப் போனதற்குக் காரணம் பையனோ பந்தோ இல்லையே.

போன பொங்கலுக்கு லீவில் வந்திருந்தான். மகன் ஐந்தாம் வகுப்பு. என் வீட்டு வாசலில் அவர்கள் இருந்த அரை மணி நேரமும் அந்தப் பிள்ளையின் காலில் பந்து இருந்தது. எங்கள் துளசித் தொட்டிக்கு இரண்டு அடி விழுந்தது. கிளம்பும்போது அவன் மெதுவாக, "விளையாட்டு விடுதி பத்தி விசாரிக்கலாம்னு இருக்கேன். நீங்க என்ன சொல்லுதீய சார்?" என்று கேட்டான்.

இன்னும் பதில் சொல்லவில்லை. ஆனி மாதம் மறுபடி வருகிறானாம்.