கிராஸை மாத்துறதுக்கு முன்னாடி

"வண்டி அதிருது" என்று சொன்னால் போதும், "டயரை பேலன்ஸ் பண்ணு" என்பார்கள். அடங்கலைன்னா என்ஜின் மவுண்டிங், அப்புறம் கிராஸ் ஜாயின்ட். கீழ் கோத்தகிரிப் பக்கம் கொழுந்து மூட்டை ஏத்துற பழைய ஜீப்புகளுக்கு இப்படித்தான் வைத்தியம் நடக்குது. என்னைக் கேட்டால் இது வெறும் லாட்டரி. காசை எடுக்கும் முன் பத்து நிமிஷம் சோதிக்கணும்.

முதலில், காலியான சமதள ரோட்டில் அதிர்வு வரும் வேகத்தை மாத்தாமல் கியரை மட்டும் மாத்திப் பாருங்கள். என்ஜின் சுற்று மாறியும் அதிர்வு அப்படியே இருந்தால் கோளாறு என்ஜினில் இல்லை. அடுத்து, டயரா ஷாஃப்டா? ஆக்சில் விகிதம் 5 என்று வைத்தால், சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது ப்ரொபெல்லர் ஷாஃப்ட் 5 சுற்று சுற்றும். அதனால் டயர் கோளாறு மெதுவான ஆட்டமாகத் தெரியும். ஷாஃப்ட் கோளாறு சீட்டுக்கடியில் வேகமாக உதறும். ஷாஃப்டில் சேறு காய்ந்து ஒட்டியிருந்தாலே பேலன்ஸ் போயிடும்.

நாம் படிச்ச ஹூக்ஸ் ஜாயின்ட் இங்கேதான் வேலைக்கு வருது. 20 டிகிரி கோணத்தில், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் சுமார் 6 சதவீதம் கூடிக் குறையும். மறுமுனை ஜாயின்ட் அதைச் சரிக்கட்டணும்னா ரெண்டு கோணமும் சமமாக, ஷாஃப்டின் ரெண்டு யோக்கும் ஒரே வரிசையில் இருக்கணும். ஸ்ப்ளைனைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டினால் புது கிராஸும் அதிரும். அதனால் கழற்றும் முன் பெயின்ட்டில் ஒரு கோடு போடுங்கள். பாரம் தாங்க லீஃப் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை வைத்தாலும் கோணம் மாறும்.

"கொஞ்சம் அதிர்ந்தால் என்ன?" என்பவர்களுக்கு ஒரு விஷயம். மேட்டுப்பாளையம் இறங்கும்போது நாம் நம்புவது கியரின் பிடியை. டூ வீல் டிரைவில் பின் ஷாஃப்ட் கழன்றால் அது போச்சு. பழைய வில்லிஸ் வகை ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் டிரான்ஸ்ஃபர் கேஸில் இருக்கு. அதுவும் அந்த ஷாஃப்ட் வழியாகத்தான் சக்கரத்தைப் பிடிக்கும். மிச்சம் கால் பிரேக் மட்டும்தான். ஷெட்டில் ஷாஃப்டைக் கழற்றும்போதும் இதே ஆபத்து இருக்கு, சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் அடியில் போகவே கூடாது.

பரீட்சையில் காஸ் தீட்டா எழுதி மார்க் வாங்குறோம். அதே கணக்கை நம்ம ஊர் ஷெட்டுல ஒரு பெயின்ட் கோடாகச் சொல்லிக் கொடுத்தால் யாரோ ஒருத்தர் பத்திரமாக மலை இறங்குவார். லீவுக்கு ஊருக்குப் போறவங்க இதைச் செய்யலாமே.