மூன்றங்குலக் குஞ்சு

சென்ற கிழமை வகுப்பு முடிந்தபின் மாணவனொருவன் தயங்கித் தயங்கி நம்மிடம் வந்து நின்றான். பாடத்தில் ஏதோ ஐயம் போலும் என்றெண்ணினோம். அவனுக்கிருந்த ஐயமோ வேறு.

"சேர், வீட்டிலை வளர்க்கிற மீனை வெள்ளவத்தைக் கால்வாயிலை விட்டால் பாவமில்லைத்தானே? அம்மம்மா புண்ணியம் எண்டு சொல்லுறா."

விசாரித்தோம். இரண்டாண்டுகளுக்கு முன் கடையொன்றிலே 'சுறாக்குஞ்சு' என்று சொல்லி விற்ற மீன்களில் ஒரு சோடியை அவன் வாங்கி வந்தானாம். அப்போது ஒவ்வொன்றும் மூன்றங்குலம். வெள்ளி மின்னும் உடல். முதுகிலே கடற்சுறாவுக்கு இருப்பது போன்ற செட்டை. முதன் மாதமே ஒன்று இறந்துவிட்டது. மற்றையது இப்போது ஒன்றேகால் அடி. தொட்டியோ மூன்றடி நீளம், ஓரடி அகலம். ஒன்றேகால் அடி மீன் ஓரடி அகலத்திலே உடலை வளைக்காமல் எங்ஙனம் திரும்பும்? மூக்கு கண்ணாடியில் மோதி மோதிப் புண்ணாகிவிட்டதாம். கதவைச் சற்றே ஓங்கிச் சாத்தினாலும் மிரண்டு பாய்ந்து மூடியைத் தட்டிவிடுகிறதாம். மூன்றாம் மாடி வீட்டிலே இரவில் இந்தச் சத்தம் கேட்டு அவனுடைய அன்னையாருக்கு உறக்கமில்லை.

இதில் மாணவனைக் குறைகூற நமக்கு வாயில்லை. காரணத்தைப் பின்னர் சொல்வோம். முதலில் அந்த மீனைப் பற்றிச் சில வார்த்தைகள்.

அது சுறாவன்று, கெளிற்றினத்தைச் சேர்ந்தது. மேக்கொங் நதியும் தாய்லாந்தின் சாவோ பிராயா நதியும் அதன் தாயகம். கூட்டமாய்த் திரிந்து, பருவத்துக்குப் பருவம் நெடுந்தொலைவு இடம்பெயரும் மீன் அது. நன்கு வளர்ந்தால் நாலடியையும் தாண்டும். நாற்பது கிலோகிராமுக்கு மேல் நிறுக்கும். வியட்நாமில் இதனைப் பெருங்குளங்களில் வளர்த்து, முள் நீக்கித் துண்டங்களாக்கி உலகெங்கும் அனுப்புகின்றார்கள். காலி வீதியிலே பேரங்காடியின் குளிர்ப்பெட்டியில் உறைந்து கிடக்கும் வெள்ளைத் துண்டங்களில் இதன் சுற்றமும் இருக்கக்கூடும். ஆயிரக்கணக்கில் கூடி வாழும் உயிரைத் தனியே மூன்றடிக் கண்ணாடிக்குள் அடைத்துவிட்டு, மிரளுகிறதே என்று நாம் வியக்கின்றோம்!

இனி நம் கதை. 2020ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிறன்று, கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேசரைத் தரிசித்துவிட்டுத் திரும்பும் வழியில், மகளின் வற்புறுத்தலால் மீன்கடையொன்றுள் நுழைந்தோம். பொலித்தீன் பைக்குள் கருமையும் வெண்மையுமாய் அலையலையாகக் கோடுகள் கொண்ட குஞ்சொன்று எம்மையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பெயர் ஒஸ்கார் என்றார் கடைக்காரர். எவ்வளவு வளரும் என்று கேட்டோம். "தொட்டி எவ்வளவோ அவ்வளவுதான் சேர், தொட்டிக்கேற்ற மாதிரித்தான் வளரும்" என்று விடை வந்தது. படித்தவர்களாகிய நாமும் தலையாட்டிவிட்டு வாங்கி வந்தோம்.

இந்த ஒரு வாக்கியம் எத்தனை மீன்களைக் கொன்றிருக்கும் என்று பின்னாளில் எண்ணியதுண்டு. மீன் தொட்டியின் அளவறிந்து தன் வளர்ச்சியை நிறுத்திக்கொள்வதில்லை. சிறு தொட்டியில் அதன் கழிவு மிகுந்து நீர் நஞ்சாகின்றது. அதனால் உடல் குன்றுகின்றது, முதுகு கூனுகின்றது, நோய் பற்றுகின்றது. குறுகிய அறையில் நோயோடு கிடக்கும் பிள்ளை உயரமாய் வளரவில்லை என்றால், அறைக்கேற்றபடி வளர்ந்தான் என்று யாரேனும் சொல்வார்களா?

ஒஸ்கார் அமேசன் நதிக்கரை நாடுகளின் மீன். 1831ஆம் ஆண்டிலேயே அகாசீ என்ற அறிஞர் இதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார். வாலடியிலே கண் போன்ற ஒரு வட்டம் உண்டு. ஓராண்டுக்குள் பத்தங்குலம் தொடும். பின்னர் ஓரடியையும் தாண்டும். செவ்வையாய்ப் பேணினால் பத்தாண்டுக்கு மேல் உயிர்வாழும். வாங்குமுன் கேட்கவேண்டியது விலையையன்று. முழு வளர்ச்சியில் நீளம் எத்தனை, ஆயுள் எத்தனை ஆண்டு என்பவற்றையே. பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கும் மீன், அப்பிள்ளை பல்கலைக்கழகம் போகும்போதும் வீட்டில் இருக்கும். அப்போது தண்ணீர் மாற்றுவது யார்? பெரும்பாலும் அன்னையரே. எங்கள் வீட்டில் நாமே மாற்றுகிறோம் என்பதைச் சற்றே பெருமையுடன் பதிவு செய்கின்றோம்.

மாணவர்கள் கணக்குப் பார்க்கட்டும். தனி ஒஸ்காருக்கு நாலடி நீளமும், ஒன்றரையடி அகலமும், ஒன்றரையடி உயரமும் உள்ள தொட்டியாவது வேண்டும். ஒன்பது கன அடி. கன அடியொன்றுக்கு ஏறத்தாழ 28.3 லீற்றராக 255 லீற்றர். நீரின் பாரம் மட்டும் 255 கிலோகிராம். ஆறடி நீளமும் ஈரடி அகலமும் ஈரடி உயரமுமாயின் 680 லீற்றர். கண்ணாடி, கல், தாங்கி யாவும் சேர ஒரு தொன்னை நெருங்கும். வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டிலே அதனைத் தளத்தின் நடுவில் வைக்கலாகாது. கீழே உத்திரம் ஓடும் சுவரோரம் பார்த்து, பொறியியல் தெரிந்தவரைக் கேட்டே வைக்கவேண்டும். மீனுக்கு மாணவன் கொடுத்த காசு ஒரு நாள் சிற்றுண்டிச் செலவு. அதற்குரிய வீட்டைக் கட்டித் தருவதற்குத் தந்தையாரின் சம்பளத்தில் பெரும்பங்கு போய்விடும்.

தொட்டியை நிரப்பிய அன்றே மீனை விடுவது இன்னொரு பிழை. மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகின்றது, அது நஞ்சு. வடிகட்டியின் பஞ்சிலே குடியேறும் ஒருவகைப் பற்றீரியா அதனை நைத்திரைற்றாக்கும், அதுவும் நஞ்சே. இன்னொரு வகை அதனை நைத்திரேற்றாக்கும். இதன் தீமை குறைவு. இந்தக் கண்ணுக்குத் தெரியாத வேலைக்காரர் பெருகுவதற்கு நாலைந்து கிழமையாகும். ஆகவே வடிகட்டிப் பஞ்சைக் குழாய்நீரில் கழுவினால், குளோரின் பட்டு அவர்கள் அத்தனை பேரும் மடிவர். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசவேண்டும். கிழமைக்கொருமுறை காற்பங்கு நீரை மாற்றி, குளோரின் நீக்கும் மருந்திட்ட நீரை ஊற்றினாற் போதும்.

உணவு பற்றி மிகுதியாய்ச் சொல்வதற்கில்லை. கடையில் விற்கும் உருண்டைத் தீனியும் இடையிடையே மண்புழுவும் இறாலும் போதும். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமையில் மச்சம் ஏறாது. ஆயினும் ஒஸ்காருக்கு மட்டும் குளிர்பெட்டியின் மூலையில் இறால் ஒளிந்திருக்கும். வீட்டாரும் கண்டும் காணாதவராய் இருந்துவிடுவார். நாம் கல்லூரியிலிருந்து வந்து கதவைத் திறந்ததும் அது கண்ணாடியோரம் வந்து வாலை அசைக்கும். அயலார் வந்தால் அசையாது. ஆளறியும் மீன் என்று சொன்னால் நம்பாதவர் பலர்.

அந்த மீனை நாம் இழக்கவிருந்தது 2022ஆம் ஆண்டிலே. அவ்வாண்டு மார்ச்சு மாத முடிவில் நாட்டிலே நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு. காற்றுக்குழாய் நின்றது, வடிகட்டி நின்றது. நீர் தேங்கியதும் ஒட்சிசன் குறைந்தது. பெரிய மீனே முதலில் மூச்சுத் திணறும். எங்கள் ஒஸ்கார் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து நின்றது. மகளும் நாமும் முறைவைத்து, மெழுகுதிரி வெளிச்சத்தில், செம்பினால் தொட்டி நீரையே மொண்டு ஓரடி உயரத்திலிருந்து ஊற்றினோம். விழும் நீரோடு காற்றும் கலக்குமன்றோ? நீரை மாற்றலாமென்றாலோ, மாடித் தொட்டிக்கு நீரேற்றும் இயந்திரமும் மின்சாரத்தில் ஓடுவது! அந்நாட்களில் தீனியை அறவே நிறுத்தினோம், தீனியில்லையேல் கழிவுமில்லை. வளர்ந்த மீன் சில நாட் பட்டினியை எளிதிற் பொறுக்கும். மின்சாரம் மீண்டதும் வடிகட்டியை உடனே ஓடவிடலாகாது. உள்ளே தேங்கி அழுகிய நீர் தொட்டிக்குள் பாயும். அதனை வெளியே கொட்டி அலசியபின்னரே ஓட்டவேண்டும். இது நாம் அயல்வீட்டுத் தொட்டியொன்று ஒரே இரவில் வெறுமையானதைப் பார்த்து அறிந்துகொண்ட பாடம். இப்போது பற்றரியில் இயங்கும் சிறு காற்றுப்பம்பி ஒன்று எங்கள் அலுமாரியில் எப்போதும் உண்டு.

மாணவனுடைய வினாவுக்கு வருவோம். கால்வாயில் விடலாமா?

சிறைப்பட்ட உயிரை விடுவிப்பது புண்ணியம் என்று அம்மம்மா சொல்வது பழுதன்று. ஆனால் விடுபட்ட மீன் யாரை உண்டு வாழும் என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. வெள்ளவத்தைக் கால்வாய் கிருலப்பனைக் கால்வாயோடும், கோட்டைப் பக்கத்து நீர்நிலைகளோடும் தொடர்புடையது. நாம் இங்கு விட்டது இங்கேயே நிற்குமென்பதற்கு உறுதியில்லை.

கத்திமீன் என்ற ஒன்றைப் பலர் பார்த்திருப்பீர்கள். கத்தியலகு போல் தட்டையான வெள்ளியுடல். பக்கத்திலே வரிசையாய்க் கரும்புள்ளிகள். இதுவும் தென்கிழக்காசியாவினின்று அலங்கார மீனாகவே இங்கு வந்தது. குஞ்சாயிருக்கையில் அழகு, வளர்ந்தால் மூன்றடி. இரவில் வேட்டையாடித் தன்னோடு வாழும் சிறுமீன்களை விழுங்கிவிடும். வளர்க்க மாட்டாதார் நீர்நிலைகளில் கொண்டுபோய் விட்டனர். 1990களின் பின் பொல்கொட ஏரியில் அது தானே பெருகிக் குடிகொண்டுவிட்டது. நீருள் நிற்கும் மரக்குற்றியிலே பெண்மீன் முட்டையிட, ஆண்மீன் அருகே நின்று காவல்புரியும் இனம் அது. பெருகாமல் என் செய்யும்? 2025ஆம் ஆண்டிலோ, வடமேல் மாகாணத்துத் தெதுறு ஓயா நீர்த்தேக்கத்திலே அந்நிய இராட்சத விரால் பெருகிவிட்டதென்று மீனவர்கள் முறையிட, அதைப் பிடிப்பதற்கென அதிகாரிகள் தூண்டிற்போட்டியே நடத்தினார்கள். அதுவும் வளர்ப்பு மீனாய் வந்ததாகவே கருதப்படுகின்றது. அமெரிக்காவின் புளோரிடாக் கால்வாய்களில் எங்கள் ஒஸ்காரின் இனம் பல்லாண்டுகளாய்க் குடியேறி வாழ்கின்றது.

அந்நிய மீனெல்லாம் தீதென்று நாம் சொல்லவில்லை. 1950களில் அரசே கொணர்ந்த திலாப்பியா வன்னிக் குளங்களில் பல்லாயிரம் ஏழைகளின் கறிச்சட்டியை நிரப்பியது. ஆனால் அது பலர் கூடி ஆராய்ந்து எடுத்த முடிபு. ஒரு வாளியோடு இருட்டில் கால்வாயோரம் போய் எடுக்கும் முடிபு அத்தகையதன்று. பிரானா போன்ற சில மீன்களை நாட்டுக்குள் கொண்டுவருவதே சட்டத்தால் தடுக்கப்பட்டிருக்கிறது. பெயர் தெரியாத மீனைக் கடைக்காரர் காட்டினால், கடற்றொழில் திணைக்களத்தாரைக் கேட்ட பின்னரே வாங்குவது நன்று.

இவற்றையெல்லாம் சொன்னோம். மாணவன் முகம் வாடியது. "அப்ப என்ன செய்யிறது சேர்?" என்றான். விற்ற கடைக்காரர் மீளப்பெற மறுத்துவிட்டாராம். உண்ணத்தக்க மீன்தானே என்று மெல்லச் சொல்லிப் பார்த்தோம். வளர்த்த பிள்ளையைச் சமைப்பதா என்று அம்மம்மா சினந்ததாக மறுநாள் செய்தி வந்தது. வேறு வழியே இல்லாவிடில், கராம்பெண்ணெய் கலந்த நீரில் நோவின்றி உறங்கவைத்து உயிர் பிரியச் செய்யும் முறையொன்றுண்டு. மீன் மருத்துவர் கையாள்வது. கால்வாயைவிட அதுவே மேல் என்பது நம் துணிபு. ஆயினும் பதினேழு வயதுப் பையனிடம் அதைச் சொல்ல நமக்கு நா எழவில்லை.

கடைசியில் நண்பரொருவர் கைகொடுத்தார். ஓமாகமையில் அவர் வளவிலே பதினைந்தடிச் சீமெந்துத் தொட்டியொன்றுண்டு. சனிக்கிழமை காலை, இரட்டைப் பொலித்தீன் பையில் நீரும் காற்றும் அடைத்து, பெரிய குளிர்காப்புப் பெட்டியிலே வைத்து, முச்சக்கரவண்டியில் மீனை ஏற்றினோம். அம்மம்மா மாடியிறங்கி வாயில்வரை வந்தார். "தம்பி, மழைவெள்ளத்துக்கு அந்தத் தொட்டி வெளியாலை வழியாதே?" என்று நம்மைக் கேட்டார். விளிம்பு மூன்றடி உயரமென்றும், மேலே வலை கட்டியிருக்கிறதென்றும் சொன்ன பிறகே படியேறினார்.

வெறுமையான மூன்றடித் தொட்டியை மாணவன் அப்படியே விட்டானா? இல்லை. மறுநாளே நம்மையும் அழைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனான். இம்முறை சட்டைப்பையிலே அடிமட்டமொன்று இருந்தது. நம் நாட்டு ஈரவலய ஓடைகளுக்கேயுரிய, 1929இல் தெரணியகல அவர்கள் விவரித்த, செந்நிறச் செரி மீன்கள் ஆறைக் கடைக்காரர் பையில் அள்ளினார்.

"இது எவ்வளவு வளரும்?" என்றான் மாணவன், அடிமட்டத்தை வெளியே எடுத்தபடி.

கடைக்காரர் சிரித்துவிட்டார். "தம்பி, இது வளர்ந்து முடிஞ்ச மீன்."