மொய்யேடும் நேரலைத் திரையும்

ஒரகடத்தில் வண்டி உறுப்புகள் செய்யும் தொழிற்கூடம் ஒன்றில் பணியாற்றும் அன்பர் ஒருவர் எமக்கு மடல் விடுத்துள்ளார். அவருடன் ஒரே அறையில் தங்கியிருந்த ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரின் வலக்கை அழுத்துப்பொறியிற் சிக்கி, இரண்டு விரல்கள் போய்விட்டன. அறைத் தோழர் அறுவர் கூடி ஒரு முடிவு செய்திருக்கின்றனர். விடுமுறை நாளொன்றில் இருபத்துநான்கு மணிநேரம் இடைவிடாது செல்பேசியில் நிகழ்பட ஆட்டம் ஆடுவது. அதனை வலையொளியில் நேரலையாகக் காட்டுவது. காண்போர் தரும் காசைத் திரட்டி விரலிழந்தவர் குடும்பத்துக்குக் கொடுப்பது. “விளையாடிக் காட்டி இரப்பதா என்று ஊரில் என் தந்தையார் சினக்கிறார். இது தக்கதா, தகாததா, நீங்கள் சொல்லுங்கள்” என்று மடல் முடிகிறது.

நெஞ்சை உறுத்திய மடல் இது. செல்பேசி என்பது திருப்பெரும்புதூர் மண்ணுக்கு அயற்பொருளன்று. 2006 ஆம் ஆண்டு முதல் 2014 நவம்பர் தொடக்கம் வரை நோக்கியா நிறுவனத்தார் இங்கே செல்பேசிகளை இலக்கக்கணக்கிற் செய்து குவித்தனர். பின்னர் வரித் தகராற்றிலும் விற்பனைக் குழப்பத்திலும் அத் தொழிற்சாலை மூடப்பட்டு, ஆயிரக்கணக்கான இளைஞரும் இளம்பெண்களும் வெளியே வந்தனர். இன்று சுங்குவார்சத்திரத்தில் பாக்சுகான் தொழிற்சாலையில் ஆப்பிள் நிறுவனத்தின் பேசிகளைக் கோப்பவர்களும் பெரும்பாலும் நம் பெண்மக்களே. வையத்தின் எம்மூலையிலோ ஒருவன் படுக்கையிற் கிடந்தபடி ஆடுகின்ற ஆட்டம், இங்கே நின்றபடியே வேலைசெய்த ஒரு பெண்ணின் விரல் தொட்ட கருவியில் ஓடுகிறது. ஆக்குபவர் நம்மவர் என்றால், அக் கருவியால் தம்மவர்க்கு ஒரு நன்மை தேட அவர்கள் எண்ணுவதில் என்ன பிழை?

இவ் வழக்கம் மேலை நாடுகளில் வேரூன்றியது எவ்வாறு என்பதைத் தந்தையார் அறிந்தால் அவர் சினம் சற்றுத் தணியும். 2007 நவம்பரில் கனடா நாட்டின் விக்டோரியா நகரில் நகைச்சுவை நாடகக் குழுவினர் சிலர் ‘பாலைப் பேருந்து’ என்னும் ஆட்டத்தை நாட்கணக்கில் ஆடிக் காட்டி, மருத்துவமனைச் சிறார்க்கு விளையாட்டுப் பொருள்கள் வழங்கும் அறக்கட்டளை ஒன்றுக்காக 22,000 தாலருக்கு மேல் திரட்டினர். அவ் வாட்டத்தின் அமைப்பைக் கேளுங்கள். அரிசோனாவின் தூசான் நகரிலிருந்து இலாசு வேகாசு நகர்வரை வெறும் பாலைச் சாலையில் பேருந்து ஓட்டவேண்டும். மெய்யாகவே எட்டு மணிநேரம் ஓடும்; வழியில் ஒன்றுமே நிகழாது. வண்டி எப்போதும் வலப்புறம் சிறிது சாய்ந்துகொண்டே போகும் ஆதலால் கையை எடுக்கவும் முடியாது. எட்டு மணிநேரம் கழிந்து ஊர் சேர்ந்தால் ஒரே ஒரு புள்ளி! இடையில் வண்டி சாலையை விட்டு இறங்கினால், புறப்பட்ட இடத்துக்கே அதே மெதுவிரைவில் இழுத்துச் செல்லப்படும். மேலையர் இதனைப் பெருங்கேலியாகக் கருதிச் சிரிக்கின்றனர். செய்யாற்றிலிருந்தும் வந்தவாசியிலிருந்தும் தொழிற்சாலைப் பேருந்தில் வந்து, எட்டு மணிநேரம் ஒரே திருகாணியைத் திருகிவிட்டு, மீண்டும் அதே பேருந்தில் திரும்புகின்ற நம் தம்பிக்கு அது கேலியாகத் தோன்றுமா என்பது வேறு செய்தி.

அக் குழுவினர் கொடைக்கு வைத்த ஏற்பாடு கூர்மையானது. முதல் மணிநேரத்துக்கு ஒரு தாலர் சேர்ந்தாற் போதும். அடுத்தடுத்த ஒவ்வொரு மணிக்கும் முந்தியதை விட நூற்றுக்கு ஏழு மிகுதியாகச் சேரவேண்டும். சேரும்வரைதான் ஆட்டம் நீளும். கொடுப்பவன் ஆடுபவனின் உறக்கத்தை விலைக்கு வாங்குகிறான்! ஆண்டுதோறும் இன்றும் அது நடைபெறுகிறது. 2010 சனவரியில் அமெரிக்க நாட்டிலும் பழைய ஆட்டங்களை மிக விரைவாக ஆடி முடிப்போர் சிலர் ஒன்றுகூடினர். விடுதியின் இணைய இணைப்புப் பழுதுபட்டமையால், அவர்களுள் ஒருவர் தம் தாயார் வீட்டிலிருந்தே ஒளிபரப்பி, 10,000 தாலருக்கு மேல் திரட்டினர். ஒருவர் வீட்டில் பிறந்த அதே கூட்டம் 2019 கோடையில் எல்லையற்ற மருத்துவர் அமைப்புக்காக ஒரே கிழமையில் 30 இலக்கம் தாலருக்கு மேல் ஈட்டியது.

இவற்றைச் சொன்னதும் ‘மேலையரைப் பார்த்துத்தான் நாம் ஈகை கற்கவேண்டுமா?’ என்று நம் அன்பர் சிலர் முகம் சுளிப்பர். வேண்டா. பேராவூரணி, கீரமங்கலம், ஆலங்குடிப் பக்கங்களில் ஆடித் திங்களில் நடக்கும் மொய்விருந்தைப் பார்த்தவர்க்கு இதில் புதுமை ஏதுமில்லை. பந்தலில் இலைபோட்டு உணவிடுவர்; வாயிலில் ஏடு விரித்து ஒருவர் அமர்ந்திருப்பார்; பெயரும் ஊரும் தொகையும் எழுதப்பெறும்; சில இடங்களில் ஒலிபெருக்கியிலும் படிக்கப்பெறும். நேரலையில் ஆடுபவன் கொடுத்தவர் பெயரையும் அவர் எழுதிய இருவரிச் செய்தியையும் உரக்கப் படிக்கின்றானே, அது பந்தலில் மொய் படிப்பதன் மறுவடிவமேயன்றி வேறென்ன? 2024 இல் வயநாட்டில் மலை சரிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டபோது, திண்டுக்கல்லில் உணவகம் ஒன்று மொய்விருந்து வைத்து அம் மக்களுக்குப் பணம் திரட்டியதைச் செய்தித்தாள்களிற் கண்டோம். உண்டவர் விலையைக் கேட்கவில்லை. தந்தவர் தம் பெயரைக் கூடச் சொல்லவில்லை, பலர். மொய்த்தல் என்றால் நெருங்கிக் கூடுதல். கூடினார் கொடுப்பது மொய் என்றே யாம் கொள்கிறோம். ‘சூப்பர் சாட்டு’ என்றும் ‘தொனேசன்’ என்றும் நம் பிள்ளைகள் நாக்கைச் சுழற்றுவானேன்? நேரலை மொய் என்று சொல்லட்டும், பாட்டிக்கும் விளங்கும்.

மொய்விருந்தின் உயிர் விருந்தில் இல்லை, அந்த ஏட்டில் இருக்கிறது. கொடுத்தவன் எப்போது வேண்டுமானாலும் வந்து புரட்டிப் பார்க்கலாம். திரையில் அந்த ஏடு இல்லாதுபோனால் என்னாகும் என்பதை நாம் 2021 இல் கண்டோம். ‘பப்சி’ மதன் என அழைக்கப்பெற்றவர், நடுவணரசு 2020 செப்தம்பரில் தடைசெய்த ஆட்டத்தை மறைவழியில் ஆடி, வலையொளியில் நேரலையாகக் காட்டிவந்தார். அவரைக் காவல்துறையினர் 2021 சூன் 18 ஆம் நாள் தருமபுரியில் தளைப்படுத்தினர். பெண்களைப் பற்றி இழிமொழி பேசினார் என்பது ஒரு குற்றச்சாட்டு. பெருந்தொற்றில் வாடுவோர்க்கு உதவுவதாகச் சொல்லி, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் 2 கோடி உருபாவுக்கும் மேல் பெற்று ஏமாற்றினார் என்பது மற்றொரு குற்றச்சாட்டு. குற்றத்தை முடிவுசெய்வது வழக்குமன்றத்தின் வேலை. அதில் யாம் தலையிடோம். ஆயினும் பணம் அனுப்பிய சிறுவர் எவரும் ‘ஏட்டைக் காட்டு’ என்று கேட்டதாகத் தெரியவில்லை என்பதை எண்ணி வருந்துகிறோம்.

அந் நேரலைகளில் பேசப்பட்ட மொழியும் தமிழே என்பதையும் மறைக்க முடியாது. தாயையும் தமக்கையையும் பழிக்கும் சொற்களைக் கேட்க இலக்கக்கணக்கான இளைஞர் நள்ளிரவு வரை விழித்திருந்தனர். ஆங்கிலத்தில் ஆட்டத்தை விளக்கவும் தமிழில் வசைபாடவும் நாம் பழகிவிட்டோமென்றால், பிழை அப் பிள்ளைகளின்மேல் மட்டும் உளதாகாது. ஆட்டத்தின் நுட்பங்களை நல்ல தமிழில் எடுத்துச்சொல்ல நாம் யாரை உருவாக்கினோம்?

நேர்மையான எடுத்துக்காட்டும் நம்மிடம் உண்டு. மயிலாடுதுறையிற் பிறந்து சென்னையில் வளர்ந்த விசுவநாதன் ஆனந்து, சதுரங்கம் என மக்கள் வழங்கும் ஆனைக்குப்பு ஆட்டத்தில் ஐந்துமுறை உலக முதல்வரானவர். 2020 ஏப்பிரலில் அவரும் நாகப்பட்டினத்துக்காரரான அதிபன் உள்ளிட்ட தோழர் ஐவரும் இணையத்தின்வழிப் பலரோடு ஒரே வேளையில் ஆடி, பெருந்தொற்று நிதிக்கு நாலரை இலக்கம் உருபா திரட்டிக் கொடுத்தனர். 2021 சூன் 13 ஆம் நாள் பசித்தோர்க்கு உணவளிக்கும் அட்சய பாத்திரம் என்னும் அமைப்புக்காக நடிகரும் வணிகருமாகிய பலரோடு மீண்டும் நேரலையில் ஆடினார். அன்று நிகழ்ந்தது நினைவிருக்கும். நிகில் காமத்து என்னும் பங்குவணிக முதலாளி ஆனந்தை வென்றுவிட்டார். வையமே வியந்தது. மறுநாள் அவரே, கணினியின் உதவியையும் அறிந்தோர் உதவியையும் பெற்றே ஆடியதாக ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். அறத்துக்காக ஆடிய ஆட்டந்தானே, விளையாட்டுக்காகச் செய்தேன் என்பது அவர் சொன்ன அமைதி. ஆனந்தோ, பலகையிலிருந்த நிலைக்கேற்ப ஆடினேன், மற்றவரிடமும் அதனையே எதிர்பார்த்தேன் என்ற பொருள்பட இரண்டு வரியோடு நிறுத்திக்கொண்டார். கொடைக்காக ஆடினாலும் ஆட்டம் ஆட்டமே. அங்கே பொய் புகுந்தால், கொடுத்தவன் கண்டு மகிழ்ந்ததும் பொய்யாகிவிடுகிறது.

ஒன்றைப் பிரித்துணரவேண்டும். பணம் கட்டி ஆடும் இணையச் சூதாட்டத்தால் தமிழ்நாட்டில் குடும்பங்கள் அழிந்தன, தற்கொலைகள் நேர்ந்தன. அதனைத் தடுக்கவே தமிழக அரசு 2022 இல் சட்டம் இயற்றியது; 2025 இல் நடுவணரசும் இயற்றியது. அன்பரின் தந்தையார் செய்தித்தாளில் அவற்றைப் படித்துவிட்டே அஞ்சுகிறார் போலும். இங்கே எவரும் பணயம் வைக்கவில்லை. எவரும் எவரையும் தோற்கடித்துக் காசு பறிக்கவில்லை. அவரிடம் இதனைப் பொறுமையாக எடுத்துச் சொல்லலாம்.

இனி எம் உள்ளத்தை உண்மையில் வருத்துவதைச் சொல்கிறோம். தொழிற்கூடத்தில் பொறி விரலை நறுக்கினால், மருத்துவமும் இழப்பீடும் அத் தொழிலாளியின் உரிமை. தொழிலாளர் அரசுக் காப்பீடு என்பது அதற்காகவே அமைந்தது. ஒப்பந்தக்காரன்வழி வந்தவனாயினும் அவ்வுரிமை அவனுக்கு உண்டு. அன்பரின் மடலில் அதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஒப்பந்தக்காரன் அவர் பெயரைக் காப்பீட்டில் பதிந்தானா? நேர்ச்சியை எழுத்தில் அறிவித்தார்களா? தொழிலகப் பார்வையாளர்க்குச் செய்தி போயிற்றா? இவற்றைக் கேட்காமல் நாம் மொய் எழுதத் தொடங்கினால், முதலாளி செலுத்தவேண்டிய கடனைத் தொழிலாளரே தம்முள் பிரித்துச் செலுத்துவதாக முடியும். 2021 திசம்பரில் விடுதி உணவு நஞ்சாகி நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டபோது, அவர்தம் தோழியர் உண்டியல் ஏந்தவில்லை. சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். அதன் பின்னரே விடுதிகளின் நிலை வெளியுலகுக்குத் தெரிந்தது. 2024 ஆகத்தில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கத்தக்க குடியிருப்புத் திறக்கப்பட்டது. 2024 செப்தம்பர் 9 முதல் சாம்சங்கு தொழிலாளர் 37 நாள் வேலைநிறுத்தம் செய்ததும், சங்கம் அமைக்கும் உரிமையை ஏற்கச் சொல்லியே. காஞ்சியில் வற்கடம் வந்தபோது மணிமேகலை அமுதசுரபி ஏந்தியதை நாம் போற்றுகிறோம். அங்கே மழை பொய்த்தது. ஒரகடத்தில் எது பொய்த்தது என்பதையும் கேட்டாகவேண்டும்.

ஆகவே எம் விடை இது. முதலில் விரலிழந்தவரை அழைத்துக்கொண்டு காப்பீட்டு அலுவலகத்துக்கும், தொழிற்சங்கத்தார் எவரிடமேனும் செல்லுங்கள். வழக்கு முடியும்வரை அடுப்பெரிய வேண்டுமே, அதற்கு ஆடுங்கள். யூடியூபு வலையொளியின் காசுப்பெட்டியில் வாங்காதீர்; நூற்றுக்கு முப்பதை அந் நிறுவனமே எடுத்துக்கொள்ளும். விரலிழந்தவர் பெயரிலுள்ள வைப்பகக் கணக்குக்கே நேராகப் பணம் சேரட்டும். உங்கள் அறுவரில் எவர் கைக்கும் அது வாராதிருக்கட்டும். கோடிட்ட பொத்தகம் ஒன்றில் வரவை எழுதி, மணிக்கொருமுறை அப் பக்கத்தைத் திரையில் காட்டுங்கள்.

ஒருவரே இருபத்துநான்கு மணிநேரமும் விழித்திருக்க வேண்டா. 2017 பிப்ரவரியில் அமெரிக்காவின் வர்சீனியாவில், நோயுற்ற சிறார்க்கான அறக்கட்டளைக்காக இவ்வாறே 24 மணிநேரம் ஆட முனைந்த ஒருவர், ஏறத்தாழ 22 ஆம் மணிநேரத்தில் நேரலையின் இடையே எழுந்து சென்று, திரும்பி வராமலே இறந்துபோனார். அறுவர் இருக்கிறீர்கள், ஆளுக்கு நான்கு மணிநேரம். இரவு வேலைமுறை முடித்து வந்தவர் அன்று ஆடவே கூடாது. ஆடாதவர் ஆட்டத்தைத் தமிழில் விளக்கட்டும். இழிசொல் எழுதுவோரை அப்போதே நீக்கட்டும்.

நாளும் வேளையும் முடிவானதும் எழுதுங்கள். அடுத்த இதழில் அறிவிப்போம். ஏட்டின் முதல் வரியை வெறுமையாக விட்டுவைத்து, எம் இதழின் பெயரில் 500 உருபா என்று எழுதிக்கொள்ளுங்கள். தந்தையார் ஊரிலிருந்து வருவாராயின், ஏடு எழுதும் இருக்கை அவருக்கு.