எந்த முற்றத்தில் நிற்கின்றோம்?

விடுமுறைக்கு எங்கே போகலாம் என்ற பேச்சு வெள்ளவத்தை வீடுகளில் எழும்போது, முன்னர் நல்லூரும் கதிர்காமமும் திருக்கோணமலையுமே முன்னின்றன. இப்பொழுது பாலித் தீவின் பெயரும் அடிபடுகின்றது. கடற்கரை விடுதி, கோயில், நடனம் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் வாய்க்கும் என்பர். அங்குள்ளாரிற் பெரும்பாலார் இந்துக்களே என்றும் கூறுவர். இரண்டும் மெய்யே. ஆயினும் இவற்றை நம்பிச் சென்ற நாம் அங்கே கற்றது வேறொன்று. அதனை இவ்வாரம் வாசகரோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

ஆகஸ்டு விடுமுறையில் குடும்பத்துடன் அங்கே சென்றோம். முதல்நாள் இரவு கடலோர விடுதியிற் போசனம். மேசைகளுக்கு எதிரே சிறு மேடை. வெண்கல வாத்தியங்கள் ஒலிக்க, பெண்கள் மூவர் லெகோங் என்னும் நடனத்தை ஆடினர். கண்ணும் கழுத்தும் விரல்நுனியும் தாளத்தோடு இயைந்து அசைந்த அழகைச் சொல்லி முடியாது. பரதம் பயிலும் எம் மகள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். “அப்பா, அவர்கள் ஆடும்போது நாங்கள் சாப்பிடலாமோ?” என்று கேட்டாள். எமக்கு விடை தெரியவில்லை. தெய்வத்துக்குரிய கலையை விருந்து மேசைக்கு விற்றுவிட்டார்களே என்று அம்மக்கள்மீது ஒரு வருத்தமே தோன்றிற்று.

அவ்வருத்தம் இரண்டு நாளே நின்றது. ஊபுட் என்னும் ஊருக்கு அருகே ஒரு சிற்றூர்க் கோயிலில் திருவிழா நிகழக் கண்டோம். அங்கே பெரும்பாலான கோயில்களில் 210 நாளுக்கு ஒருமுறை விழா வரும். வாயிலில் நின்ற பெரியவரிடம், “நாமும் இந்துக்கள், இதுவும் எமது கோயிலே” என்று ஆங்கிலத்திற் சற்றுப் பெருமிதத்தோடு கூறினோம். எம் கையில் படப்பிடிப்புக் கருவி தயாராக இருந்தது. அவர் புன்னகை செய்து, எம் இடையில் ஒரு பட்டியைக் கட்டிவிட்டு, “நல்லது. அப்படியானால் உள்ளே அமர்ந்து வழிபடுங்கள். பார்ப்பதற்கு வேறு இடம் இருக்கின்றது” என்றார். நாம் நாணிக் கருவியைப் பைக்குள் வைத்தோம்.

உள்ளே கூரையிட்ட மூலத்தானம் இல்லை. விக்கிரகமும் எம் கண்ணிற் படவில்லை. திறந்த வானத்தின்கீழ் உயர்ந்த கல்லாசனம் ஒன்று வெறுமையாக நின்றது. முழுமுதற் பொருளுக்குரிய பத்மாசனம் அது. தில்லையின் இரகசியத்தை அறிந்த எமக்கு அவ்வெறுமை அந்நியமாகத் தோன்றவில்லை. அதன் முன்னே பெண்கள் வரிசையாக ரெஜாங் ஆடினர். மூதாட்டியும் சிறுமியும் ஒரே வரிசையில் நின்றனர். சிறுமி அடி தவறினாள், எவரும் திருத்தவில்லை. எல்லோரும் சந்நிதியை நோக்கி ஆடினர்; எமக்குத் தெரிந்தவை அவர்களின் முதுகுகளே. விடுதியில் ஆடியவர்கள் எம்மை நோக்கி ஆடினார்கள் என்பது அப்பொழுதுதான் நினைவுக்கு வந்தது.

இவ்வேறுபாடு தற்செயலாக வந்ததன்று. பாலிக் கோயில்கள் பல மூன்று முற்றங்கள் உடையன: உள்முற்றம், இடைமுற்றம், வெளிமுற்றம். உல்லாசப் பயணிகள் பெருகத் தொடங்கிய காலத்தில், 1971ஆம் ஆண்டு, தென்பசார் நகரில் அறிஞரும் சமயத்தாரும் கலைஞரும் கூடி ஆராய்ந்து, ஆடல்களையும் அவ்வாறே மூவகையாக வகுத்தனர். உள்முற்றத்தில் நிகழ்வது தெய்வத்துக்குப் படையலாகும் ஆடல், ரெஜாங் இவ்வகையது. இடைமுற்றத்துக்குரியது கிரியையோடு உடனிகழும் ஆடல். சில முகமூடிக் கூத்துகள் இதில் அடங்கும். வெளிமுற்றத்துக்குரியது மாந்தர் கண்டு களிக்கும் ஆடல். லெகோங் இதனைச் சார்ந்தது. 2015ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலிற் பாலி நடனங்களைச் சேர்த்தபோதும் இம்மூன்று வகையையும் தழுவியே சேர்த்தது.

ஆகவே விடுதியிற் கண்டது திருடி விற்கப்பட்ட பொருளன்று. விருந்தினருக்கென்றே ஒதுக்கிய பங்கு. எம் மகளும் தயங்காமல் உண்டிருக்கலாம். ஆனாலும் கரண்டியை வைத்தது பிழையென்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை.

கோடு கீறுவது எளிது; காப்பது அரிது. பெண்டெட் என்பது தெய்வங்களை வரவேற்கும் கோயில் நடனம். அதனைப் பயணிகளுக்கு ஆடுவது தகாதெனச் சமயத்தார் கவலைப்பட்டனர். அதற்கு ஈடாகப் பன்யெம்ப்ராமா என்னும் புதிய வரவேற்பு நடனத்தைத் தென்பசார்க் கலைஞர் ஆக்கினர். பின்னர் நிகழ்ந்ததுதான் விந்தை: பயணிகளுக்கென ஆக்கிய அந்நடனம் மக்கள் மனத்தைக் கவர்ந்து, கோயிலுக்குள்ளேயும் ஆடப்பெறலாயிற்று! ஆண்கள் வட்டமாக அமர்ந்து “சாக், சாக்” என்று குரலெழுப்பி இராமாயணம் நடிக்கும் கெச்சாக் மிகப் பழையதெனப் பலர் எண்ணுவர். அது 1930களில், பழைய சடங்கொன்றின் குரலொலியை எடுத்து, வயான் லிம்பாக் என்னும் பாலிக் கலைஞரும் வால்டர் ஸ்பீஸ் என்னும் ஜெர்மானிய ஓவியரும் சேர்ந்து உருவாக்கியது. புதிது என்பதனாற் பொய் ஆகிவிடாது. பழைது என்பதனால் மட்டும் புனிதமும் ஆகிவிடாது.

இதைக் கூறும்போது எம் வீட்டையும் நோக்க வேண்டும். தமிழகத்தில் ஆலய நடனம் 1930களிற் சபை மேடைக்கு வந்தது. தேவதாசி முறையைச் சென்னை மாகாணம் 1947இல் சட்டத்தால் ஒழித்தது. பெண்களின் வாழ்வை எண்ணினால் அச்சட்டம் வேண்டியதே. ஆயினும் உள்முற்றத்து ஆடல் அங்கே ஏறக்குறைய ஓய்ந்தது. எமக்கு வெளிமுற்றமே எஞ்சியது. அதனாலன்றோ கொழும்பு அரங்கேற்றங்களில் மேடையோரத்தில் நடராசர் திருவுருவை வைத்து, விளக்கேற்றி, மலரிட்டு வணங்குகின்றோம்! பாலியார் முற்றங்களைப் பிரித்து வைத்தனர். நாம் மேடையிலேயே ஒரு சிறு உள்முற்றத்தை அமைத்துக்கொள்கின்றோம்.

கொட்டாஞ்சேனைப் பக்கத்தில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கிய பொன்னம்பலவாணேசர் ஆலயத்துக்கு வெளிநாட்டார் வருவதுண்டு. பூசை வேளையில் அவர்கள் படம் பிடிக்கக் கண்டு முகஞ்சுளித்தவர்களுள் நாமும் ஒருவர். பாலியில் அதே பிழையை, இந்து என்ற உரிமையோடு, நாமே செய்யப் போனோம். ஒரே சமயத்தார் என்பது உள்ளே போவதற்கு நுழைவுச்சீட்டு அன்று. அங்குள்ள ஒழுங்குக்கு முதலிற் பணியவேண்டிய கடமை.

அங்கே செல்லக் கருதும் குடும்பங்களுக்குச் சில சொல்வோம். 2024 பெப்ரவரி முதல், பண்பாட்டையும் சூழலையும் காப்பதற்கென வெளிநாட்டார் ஒவ்வொருவரும் 150,000 ரூபியா செலுத்த வேண்டும். அதனைச் செலுத்தியதாற் கோயில் முழுவதும் எமக்குத் திறந்துவிடாது. இடைப்பட்டியும் வேட்டி போன்ற அரையுடையும் பையில் இருக்கட்டும். பிள்ளைகளுக்கு மூன்று முற்றங்களையும் முன்னரே சொல்லிக் கொடுங்கள்.

ஓய்வையே நாடுவோர், சக ஆண்டுப் பிறப்பாகிய நியெப்பி நாளில் அங்கிருக்குமாறு பயணத்தை அமைக்கலாம். அது பெரும்பாலும் மார்ச்சு மாதத்தில் வரும். அன்று தீவில் விளக்கில்லை, வேலையில்லை, வீதியில் நடமாட்டமில்லை. விமான நிலையமும் ஒரு நாள் மூடப்படும். பயணிகளும் விடுதிக்குள்ளேயே இருத்தல் வேண்டும். காட்டுவதற்கு எதனையும் வைக்காத அவ்வொரு நாளில், தீவு முழுவதும் உள்முற்றமாகின்றது. அன்று விருந்தினர் செய்யவேண்டியது சும்மா இருப்பதே.